நோய்ப் படுக்கையில் விளையாட்டு

தமிழில் விளையாட்டு என்னும் சொல்லுக்கு ஒரு சிறுமை நேர்ந்திருக்கிறது. பொறுப்பின்றிச் செய்த காரியத்தை விளையாட்டாகச் செய்தது என்கிறோம். மனத்தில் கொள்ள வேண்டாத சொல்லை விளையாட்டுக்குச் சொன்னது என்கிறோம். விளையாட்டு வினையாயிற்று என்று எச்சரிக்கையும் செய்கிறோம். வினை ஒரு புறம், விளையாட்டு மறு புறம் என்று பிரித்து வைத்திருப்பது பெரியவர்களாகிய நம் வழக்கு. குழந்தைக்கு இப்பிரிவினை தெரியாது. அது உலகத்தை அறிவதும், அஞ்சியதை வெல்வதும், இழந்ததை மீட்பதும் விளையாட்டினாலேயே நடைபெறுகின்றன. ஊசியும் கத்தியும் கட்டு மாற்றுதலுமாக நாள்தோறும் வலியை ஏற்கும் குழந்தைக்கு இவ்வுண்மை இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஆயினும் மருத்துவ உலகம் இதனை ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை பாரிஸ் நகரில் 1802ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. இங்கிலாந்து அதற்கு ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1852ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், லண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்ட் வீதியில், ஒரு பழைய மாளிகையில், பத்துக் கட்டில்களுடன் குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர் சார்ல்ஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர். புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1858இல் அதற்கு நிதி திரட்டச் சொற்பொழிவு ஆற்றினார். 1864-65இல் அவர் எழுதிய ‘அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்’ என்னும் நாவலில், ஜானி என்னும் அநாதைக் குழந்தை குழந்தைகள் மருத்துவமனையில் உயிர் துறக்கும் காட்சி ஒன்று வருகிறது. அவனுடைய கட்டிலில் நோவாவின் மரக்கலமும் அதன் விலங்குகளும் பொம்மைகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. உயிர் பிரியும் தறுவாயில், அவற்றை அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடக்கும் சிறுவனுக்குக் கொடுத்துவிடும்படி அவன் சொல்கிறான்.

கற்பனைக் காட்சியேயாயினும், நோயுற்ற குழந்தையின் கட்டிலில் பொம்மைக்கு அக்காலத்தார் இடம் கொடுத்தனர் என்பதை இது நமக்குக் காட்டுகிறது. அவ்விடம் இரக்கத்தினால் கிடைத்த இடம். சிகிச்சையில் பொம்மைக்கும் பங்கு உண்டு என்று அன்று எவரும் கருதவில்லை. ஆகவே, பின்னர் ஒரு வலிய காரணம் வந்து அதனை அகற்றியபோது, தடுப்பார் இல்லாமற் போயிற்று.

அந்தக் காரணம் கிருமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது. தொண்டை அடைப்பானும் தட்டம்மையும் செங்காய்ச்சலும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குத் தாவிக் குழந்தைகளைக் கொன்றுவந்த காலம் அது. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்துகள் இன்னும் வரவில்லை. எனவே, வெளியிலிருந்து வருபவை யாவும் ஐயத்துக்கு உரியவை ஆயின. வெளுத்த சுவர்களும் வெளுத்த விரிப்புகளும் ஓசையற்ற கூடங்களுமே நல்ல மருத்துவமனையின் அடையாளங்கள் எனப்பட்டன. வீட்டுப் பொம்மை வாசலோடு நின்றது. அதனோடு தாயும் வாசலிலேயே நிற்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1949ஆம் ஆண்டளவில் லண்டன் மருத்துவமனைகள் வைத்திருந்த விதிகளைப் படிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமே பெற்றோர் வரலாம். மற்றோரிடத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்க்க அனுமதியே இல்லை. தடுப்புக்கு அப்பால் நின்று நோக்கலாம். வேறோரிடத்தில் முதல் மாதம் முழுவதும் பார்வை கிடையாது. மாலை 7 மணி முதல் 8 மணி வரை, உறங்கும் குழந்தையை மட்டும் கண்டு செல்லலாம். இவ்விதிகளை வகுத்தோர் கொடியவர் அல்லர். தாய் வந்து சென்றால் குழந்தை அழுகிறது. வாராதிருந்தால் சில நாட்களில் அடங்கி அமைதியாகிவிடுகிறது. ஆகவே வாராதிருப்பதே நன்று என்பது அவர்களுடைய வாதம். அந்த அமைதிக்குப் பொருள் என்ன என்று கேட்டவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் முதலில் நினைக்கத் தக்கவர். இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள நியூகாஸில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், 1925 முதலே அவர் தாய்மாரையும் உடன் தங்க வைத்தார். நியூஸிலாந்தில் ஹென்றி பிக்கரில், செசிலி பிக்கரில் என்னும் அறுவை மருத்துவத் தம்பதியர், 1942இல் தங்கள் மருத்துவமனையில் தாயே தன் குழந்தையைப் பேணும் முறையைக் கொண்டுவந்தனர். பிளந்த உதட்டையும் அண்ணத்தையும் சீர்செய்யும் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் அவை. பல கட்டில்களுக்கும் சென்றுவரும் செவிலியின் கையைவிடத் தன் குழந்தை ஒன்றையே தொடும் தாயின் கை பாதுகாப்பானது என்று அவர்கள் கண்டனர். கிருமிக்கு அஞ்சித் தாயை விலக்கியவர்களுக்கு இதனினும் தக்க மறுமொழி வேறில்லை. எனினும் பெருவாரியான மருத்துவமனைகளின் கதவுகள் திறக்கவில்லை.

கதவைத் திறந்தது ஒரு திரைப்படம். ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். போர்க் காலத்தில் அன்னா ஃப்ராய்ட் அம்மையார் லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிப்பது முதலான பணிகளைச் செய்தவர். அங்கே யார் எப்பணி செய்தாலும் குழந்தைகளிடம் கண்டதை எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பயிற்சி அவருக்குக் கண்ணைத் திறந்தது. பின்னர் ஜான் போல்பி என்னும் மனநல மருத்துவரிடம் பணியாற்றி, 1948 முதல் மருத்துவமனைக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். பிரிவுற்ற சிறு குழந்தை முதலில் அழுது போராடுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து சோர்கிறது. இறுதியில் தாயே வந்தாலும் முகம் கொடாமல் ஒதுங்குகிறது என்று அவர் மூன்று நிலைகளை வகுத்தார். மருத்துவமனையார் அமைதி என்று மகிழ்ந்தது இரண்டாம் நிலையை. குணம் என்று மகிழ்ந்தது மூன்றாம் நிலையை!

சொல்லிப் பார்த்தார், எவரும் நம்பவில்லை. ஆகவே ஒரு சிறு படக்கருவியை வாங்கினார். தமக்கு வேண்டிய குழந்தையைத் தேர்ந்தெடுத்தார் என்ற பழி வாராதிருக்க, காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார். நாள்தோறும் குறித்த நேரத்தில் எடுத்தது தெரியுமாறு சுவர்க் கடிகாரமும் படத்தில் விழச் செய்தார். ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குச் செல்கிறாள்’ என்னும் பொருள்படும் பெயருடன் 1952இல் அப்படம் வெளிவந்தது. கொப்பூழ்க் குடலிறக்கத்துக்குச் சிறு அறுவை சிகிச்சை பெற எட்டு நாட்கள் தங்கிய ஒரு சிறுமியின் வரலாறு அது. அவள் கதறிப் புரளவில்லை, தன்னை அடக்கிக்கொள்கிறாள். வீட்டிலிருந்து வந்த கரடிப் பொம்மையையும் தன் பழைய போர்வையையும் இறுகப் பற்றுகிறாள். யாரேனும் அன்போடு அருகில் வந்து விளையாட அமர்ந்தால், அப்போது அடக்கிய அழுகை உடைந்து, தாயைக் கேட்கிறாள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். விளையாட வந்தவர் அவளை அழ வைத்தார் என்று கூடத்துச் செவிலி ஒருத்தி குறை கூறலாம். விளையாட்டு அவளுக்கு அழ உரிமை கொடுத்தது என்பதே உண்மை. குழந்தையின் வாயை மூட உதவும் கருவியாக விளையாட்டைக் கருதுவோர்க்கும், அதன் நெஞ்சைத் திறக்கும் வழியாகக் கருதுவோர்க்கும் உள்ள வேற்றுமை இங்கே தொடங்குகிறது. இவ்வரலாறு முழுவதிலும் அவ்வேற்றுமை ஊடாடுவதை நாம் காணலாம்.

லண்டன் மருத்துவ அவையில் படம் காட்டப்பட்டபோது பலர் சினந்தனர். எங்கள் கூடங்களில் இப்படி நடவாது என்றனர். டெர்மாட் மக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவரும் முதலில் சினந்தவரே. ஆனால் தம் மருத்துவமனைக்குத் திரும்பிக் கட்டில்களை நோக்கியபோது, படத்திற் கண்டதையே அங்கும் கண்டார். அவருடைய அமர்ஷம் மருத்துவமனையில், தாயோடு தங்கிய குழந்தையைப் பற்றிய இரண்டாம் படத்தை ராபர்ட்சன் 1958இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு தன் அறிக்கையை அளித்தது. 55 பரிந்துரைகள் அதில் இருந்தன. பெற்றோர் எந்நேரமும் வரலாம். சிறு குழந்தையின் தாய் உடன் தங்க இடம் வேண்டும். குழந்தைகளைப் பெரியோர் கூடத்தில் கிடத்தலாகாது. கல்விக்கும் விளையாட்டுக்கும் வகை செய்தல் வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை.

பரிந்துரை வேறு, நடைமுறை வேறு என்பது அரசாங்கக் காகிதங்களோடு பழகியோர் அறிந்ததே. 1961இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சியில் ராபர்ட்சனின் படப் பகுதிகள் காட்டப்பட்டன. அதே ஆண்டு தென் லண்டனில் சில இளந்தாய்மார் ஒரு சங்கம் கூட்டினர். தங்கள் ஊர் மருத்துவமனை அறிக்கையின்படி நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினர். அறிஞர் எழுதியதை நடைமுறையாக்கியவர்கள் இத்தாய்மாரே.

தாய் உள்ளே வந்தாள். விளையாட்டு எவ்வாறு வந்தது? அதன் கருத்து வித்து முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் தன் தொண்டையைத் திறந்து பார்த்த குழந்தை, அடுத்து ஆடும் விளையாட்டில் தானே மருத்துவராகி, வேறொரு குழந்தையை நோயாளியாக்கும் என்று சிக்மண்ட் ஃப்ராய்ட் 1920இல் எழுதினார். தனக்குச் செய்யப்பட்டதைத் தானே செய்யும்போது, குழந்தை செயலற்ற நிலையிலிருந்து செயல் நிலைக்கு ஏறுகிறது என்பது அவர் விளக்கம். அவர் வாழ்ந்த வியன்னா நகரிலேயே ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எம்மா பிளாங்க் அம்மையார். நாட்ஸிகளின் ஆதிக்கத்தால் 1938இல் நாடு துறந்து அமெரிக்கா சேர்ந்தார்.

கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராய் இருந்தவர் ஃபிரெடரிக் ராபின்ஸ். இளம்பிள்ளை வாதக் கிருமியைச் சோதனைக் கூடத்தில் வளர்த்ததற்காக 1954இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் அவர். கிருமியை அறிந்த அந்த அறிஞரே, உடலைப் பேணுவதோடு பணி முடியவில்லை என்று உணர்ந்து, 1955இல் பிளாங்க் அம்மையாரை அழைத்துக் குழந்தைகளின் அன்றாட வாழ்வையும் கல்வியையும் அவரிடம் ஒப்படைத்தார். வாதத்தால் கைகால் இழந்தும், தீக்காயமுற்றும் மாதக் கணக்கில் கிடந்த குழந்தைகள் பலர். அவர்களிடம் தாம் கற்றதை அம்மையார் 1962இல் நூலாக வெளியிட்டார். 1956இல் ஸ்வீடனின் உமேயோ நகரில் இவானி லிண்ட்க்விஸ்ட் அம்மையாரும் இதே பணியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் ‘சேவ் தி சில்ட்ரன்’ சங்கத்தின் ஆதரவில், சூசன் ஹார்வி அம்மையாரின் முயற்சியால், லண்டன் புரூக் மருத்துவமனையில் 1963இல் விளையாட்டுப் பணி தொடங்கிற்று. இருபது ஆண்டுகளுக்குள் இது தனித் தொழிலாக வளர்ந்தது. பயிற்சியும் சங்கமும் ஏற்பட்டன. ஸ்வீடன் 1977 முதல் இதனைச் சட்டக் கடமையாகவே ஆக்கிற்று.

இப்பணியாளர் செய்வது என்ன? மூன்று வகையாகக் கூறலாம். முதலாவது, முன்னறிவித்தல். நாளைக்கு நடக்கவிருப்பதை இன்று பொம்மைக்கு நடத்திக் காட்டுகிறார்கள். பொம்மையின் கையில் துணிக்கட்டு. முகத்தில் மயக்க மருந்து மூடி. நரம்பில் மெல்லிய குழாய். குழந்தை ஊசியில்லாத மருந்துக் குழலைத் தன் கையால் தொட்டுப் பார்க்கிறது. பொம்மைக்கு மருந்து செலுத்துகிறது. அறியாத ஒன்றன் அச்சம் அறிந்த ஒன்றன் வலியினும் பெரிது. ஆகவே முதலில் அறியாமையை நீக்குகிறார்கள். குகை போன்ற படச் சோதனை இயந்திரத்தினுள் அசையாமற் கிடக்க வேண்டிய குழந்தை, அட்டைப் பெட்டிக் குகையில் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தால், மயக்க மருந்தின்றியே சோதனை முடிவதும் உண்டு.

இரண்டாவது, வலி நேரத்தில் மனத்தை வேறிடத்தில் அமர்த்துதல். சோப்புக் குமிழி ஊதுவதும், காற்றாடி சுழற்றுவதும் வேடிக்கை மட்டும் அல்ல. ஊதும் குழந்தை மூச்சை நீளமாக விடுகிறது. நீண்ட மூச்சால் இறுகிய தசை தளர்கிறது. கண்ணும் கருத்தும் ஊசியை விட்டுக் குமிழியின் பின்னே செல்கின்றன. மூன்றாவது, நடந்து முடிந்ததை விளையாடித் தீர்த்தல். நேற்றுக் குத்தப்பட்ட சிறுவன் இன்று கரடிக்குப் பத்து ஊசி போடுகிறான், அதட்டுகிறான், பிறகு அவனே அணைத்துத் தேற்றவும் செய்கிறான். இதனைக் கொடுமை என்று தடுக்கலாகாது. குழந்தை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நேரம் அது.

வலி பற்றிய விஞ்ஞானமும் இவ்வனுபவத்துக்குத் துணை நின்றது. ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், முதுகுத் தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு என்றும், மூளையின் கவனமும் உணர்ச்சியும் அவ்வாயிலைத் திறக்கவும் சாத்தவும் வல்லவை என்றும் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன எனினும், வலி என்பது காயத்தின் அளவு மட்டும் அன்று என்னும் கருத்து நிலைத்துவிட்டது. தீப்புண் கட்டு மாற்றும் கொடிய நேரத்தில், பனி சூழ்ந்த கற்பனை உலகில் பனிக்கட்டி எறிந்து விளையாடும் கணினி விளையாட்டை அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆராய்ச்சியாளர் வகுத்தது இக்கருத்தின் தொடர்ச்சியே.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டு மருந்துக்கு மாற்று அன்று. பச்சிளங் குழந்தைக்கு வலி முழுமையாகத் தெரியாது என்னும் எண்ணத்தில், 1980களிலும் பல இடங்களில் போதிய மயக்க மருந்தின்றியே அறுவை சிகிச்சை நடந்தது. அவ்வெண்ணத்தைத் தகர்த்தவர்களுள் தலையானவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் கற்று ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த கன்வல்ஜீத் சிங் ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது தக்க வலிநீக்கி அளித்தால் உடலின் அதிர்ச்சி குறைகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன என்று 1987இல் தம் குழுவினருடன் நிறுவினார். ஆகவே, வலி நீக்கும் மருந்தும் வேண்டும். அச்சம் நீக்கும் விளையாட்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

1986இல் நியூயார்க் நகரில் மைக்கேல் கிறிஸ்டென்ஸன் என்னும் சர்க்கஸ் கோமாளி, மருத்துவர் வேடத்தில் குழந்தைகள் கூடத்துக்குள் நுழைந்து ஒரு புதிய மரபைத் தொடங்கினார். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் விதி, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே கூறுகிறது. நம் நாடு 1992இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. நோயுற்றதனால் அவ்வுரிமை நீங்கும் என்று அதில் எங்கும் இல்லை.

நம் நாட்டிலும் குழந்தைகளுக்கென மருத்துவமனைகள் எழுந்தன. மும்பையில் 1929இல் பாய் ஜெர்பாய் வாடியா மருத்துவமனையும், தில்லியில் 1956இல் கலாவதி சரண் மருத்துவமனையும் தோன்றின. கட்டிலருகே தாயோ பாட்டியோ அமர்ந்திருப்பது நம்மிடையே பெரிதும் இயல்பான காட்சி. மேல்நாட்டார் போராடிப் பெற்றதில் ஒரு பாதி நமக்கு வழக்கத்தினாலேயே கிடைத்திருக்கிறது. மறு பாதியில்தான் நம் குறை. சோறுண்ண மறுக்கும் குழந்தையை ஊசி போடுவார் வருகிறார் என்று மிரட்டுவது நம் வீடுகளில் இன்றும் கேட்கும் சொல். சிகிச்சை அறைக்குள் செல்லுமுன், வலிக்கவே வலிக்காது என்று பொய் கூறுவதும் உண்டு. ஊசி குத்திய கணத்தில் குழந்தைக்கு வலி ஒன்று, நம்பிக்கைத் துரோகம் ஒன்று என இரண்டு துன்பம் நேர்கிறது.

சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. மருத்துவரும் செவிலியரும் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ பேசுவர். பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைக்குத் தெரிந்தது வீட்டுத் தமிழ் ஒன்றே. தன் உடலுக்குச் செய்யப்படுவதைப் பற்றித் தன்னைச் சுற்றிப் பேசப்படும் பேச்சு ஒன்றும் விளங்காமல் கிடப்பது எத்தகைய தனிமை! மொழிபெயர்த்துச் சொல்வது பெற்றோர் கடமை. ஆனால் சொல்லால் மொழிபெயர்க்க இயலாததையும் ஒரு மரப்பாச்சி மொழிபெயர்த்துவிடும். பொம்மையின் கையில் கட்டுப் போட்டுக் காட்டும் செவிலியின் சைகைக்கு இந்தியும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மருத்துவமனைக்குப் புறப்படும்போது, மாற்றுடையோடு குழந்தை விரும்பும் பழைய பொம்மையையும் எடுத்துச் செல்லலாம்; புதிய பொம்மையினும் பழகிய பொம்மைக்கே அங்கு ஆற்றல் மிகுதி. நடக்கப்போவதை முதல் நாளே பொம்மைக்கு நடத்திக் காட்டலாம். சற்று வலிக்கும், விரைவில் போய்விடும், அதுவரை உன் கையை விடமாட்டேன் என்று உண்மையைக் கூறலாம். ஊசி போடும் வேளையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்கலாம். வீடு திரும்பிய பின் ஊசி விளையாட்டு நாள் கணக்கில் நடந்தால், பொறுமையோடு நோயாளியாக நடித்துக் கையை நீட்டலாம்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், சிற்றில் என்றும் சிறுபறை என்றும் சிறுதேர் என்றும் விளையாட்டைக் கொண்டே குழந்தையின் பருவங்களை வகுத்தனர். குழந்தை வளர்வது விளையாட்டினால் என்று அவர்கள் கண்டிருந்தனர். நோயினின்று அது மீள்வதற்கும் விளையாட்டு வேண்டும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கழித்துக் கண்டிருக்கிறது. இடையில் எத்தனையோ கூடங்களில், எத்தனையோ குழந்தைகள், அமைதி என்று பிறர் பெயரிட்ட துயரத்தில் தனித்துக் கிடந்தனர். அடுத்த முறை ஒரு மருத்துவமனைக் கட்டிலில் அசையாமல், அழாமல், சுவரை நோக்கிக் கிடக்கும் குழந்தை ஒன்றைக் காண நேர்ந்தால், நல்ல குழந்தை என்று பாராட்டிவிட்டு நகராமல், அருகில் அமர்ந்து அதன் பொம்மையின் பெயர் என்ன என்று கேட்போமாக.